கடலைக்குள் ஓடிய எலுமிச்சை

எண்பதுகளின் தொடக்கம். தம்பிக்குப் பெண் பார்க்கப் புதுச்சத்திரத்துக்குப் போன பஸ்ஸில் அவனிடம் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு போனேன்.

“கேட்டா கம்ப்யூட்டர் வேலைன்னு சொல்லு சாமி. அணுங்கற பேச்சே எடுக்காத.”

நான் எட்டாவதோடு நின்றவள். அவன் வடக்கே ஆராய்ச்சிக்காரன். இரண்டு அணுக்கருக்கள் பயங்கர வேகத்தில் மோதினால் அந்த நெரிசலுக்குள் புகுந்து வெளியேறும் துகள் எவ்வளவு ஆற்றலை இழக்கும் என்று கணக்குப் போடுவது அவன் வேலை. கணக்கு மட்டும்தான். ஆனால் அணு என்றதும் குண்டு என்று பயந்தே முன்பு வந்த வரன்கள் கலைந்திருந்தன. இதுவும் போனால் அவன் கல்யாணமே வேண்டாமென்று விடுவான் என்று எனக்குத் தூக்கமில்லை.

பெண்ணின் அப்பா கேட்டார். “மாப்ள என்ன வேலைங்க?”

“கம்ப்யூட்டருங்க” என்று நான் முந்திக்கொண்டேன்.

“அணு ஆராய்ச்சிங்க” என்றான் தம்பி.

பெண்ணின் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“ஏனுங்க, குண்டு கிண்டு போடுவீங்களா?”

“ஒரு பட்டாசுகூட வெடிச்சதில்லீங்க” என்று சிரித்துவிட்டு, துகள் வேகம் குறையும் கதையைச் சொன்னான்.

உள்ளேயிருந்து பெண் குரல் வந்தது. “அப்ப, இழந்த வேகம் எங்கீங்க போவுது?”

பெண்ணின் அம்மா, “வாய மூடு புள்ள” என்றார். தம்பி எழுந்தே விட்டான். “இதைத்தாங்க நாங்களும் தேடிட்டிருக்கறோம்!”

வாசலில் கடலை காய்ந்துகொண்டிருந்தது. தாம்பாளத்து எலுமிச்சையை எடுத்து அதற்குள் உருட்டினான். ஓரத்தில் உருட்டியது மறுபக்கம் வந்தது; நடுக்குவியலில் விட்டது பாதியில் நின்றது. கடலைகள் சிதறின. பெண் வெளியே வந்து குனிந்து பார்த்தாள். “வேகத்தைக் கடலை வாங்கிக்குதுங்க!”

“நீ தள்ளுப்பா, நான் பலமா உடறேன்” என்று அவள் அப்பா வேட்டியை மடித்துக் கட்டினார்.

“சித்த நேரத்துல ராகு காலமுங்க” என்று நான் கெஞ்சினேன். யார் கேட்டார்கள்?

“இருங்க அக்கா, இன்னும் ஒரு தடவெ.” சொன்னவள் பெண்.

அவள் அம்மாதான் வெற்றிலைத் தட்டோடு நடுவில் வந்து நின்றார். “மாமனாரும் மருமவனும் பொறவு உருட்டுங்க. இப்ப தட்டைப் புடிங்க.”

மருமகன் என்றுவிட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. தட்டு மாற்றியதும் புதுக் கவலை பிடித்துக்கொண்டது: கல்யாணத்துக்குப் பிறகும் இரண்டு பேரும் இப்படிப் பேசிக்கொண்டிருந்தால் இவர்கள் வீட்டில் யார் அடுப்புப் பற்றவைப்பது?