ஒரே கயிற்றில் கட்டி வந்த பத்திரிகைகள்

நான் வேலைக்குப் போகும் வழியில், பேருந்துத் தரிப்பிடத்துக்கு எதிரே ஒரு கடை இருக்கிறது. பால், பாண், சிகரெட், அதிர்ஷ்டச் சீட்டு, பத்திரிகை எல்லாம் விற்பார்கள். இங்கிலாந்தின் வடக்கே இந்தச் சிறு நகரத்துக்கு வந்த புதிதில் அங்கே ஒரு விசித்திரத்தைக் கவனித்தேன். பத்திரிகைத் தட்டின் கீழ் அடுக்கில் ஒரு பத்திரிகை மட்டும் தினமும் கவிழ்ந்தே கிடக்கும். முன்பக்கம் கீழே, விளையாட்டுப் பக்கம் மேலே. பக்கத்தில் இருக்கும் மற்றவை எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கும். கடைக்காரர் சோம்பேறி என்று முடிவு கட்டினேன். பேருந்து வர நாலைந்து நிமிடம் இருக்கும். என் கையும் சும்மா இருக்காது. குனிந்து அந்தக் கட்டை நிமிர்த்தி, ஓரங்களைத் தட்டிச் சேர்த்து, பெயர் தெரியும்படி வைத்துவிட்டுப் போவேன். முதியோர் இல்லத்தில் பிறருக்குப் படுக்கை விரிக்கச் சம்பளம் தருகிறார்கள். இதை யாரும் கேட்காமலே செய்தேன்.

அந்தப் பழக்கம் அப்பாவுடையது. ஊரில், கண்டிக்கு அடுத்த கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கிட்ட அவர் பத்திரிகை ஏஜென்சி வைத்திருந்தார். விடியும்போது கொழும்பிலிருந்து வான் வண்டி வந்து கட்டுகளைக் கடை வாசலில் போட்டுவிட்டுப் போகும். பள்ளிக்கூடம் போகுமுன் கயிற்றை அறுத்து, எண்ணி, அனுபந்தத்தை உள்ளே செருகி, பலகையில் அடுக்குவது எட்டு வருடம் என் வேலை. சிங்களம், தமிழ், ஆங்கிலம் எதுவானாலும் பத்திரிகையின் பெயர் வாங்க வருகிறவரைப் பார்க்க வேண்டும். தலைகீழாய் ஒன்று இருந்துவிட்டால் அப்பா அன்று முழுவதும் எதையோ தொலைத்தவர் போல முகத்தை வைத்திருப்பார். எழுதினவனோடு அவருக்குச் சண்டை இருக்கலாம், அடுக்கின பத்திரிகையோடு இருக்கக் கூடாது.

ஒரு காலை, பச்சை மழைக்கோட்டு போட்ட ஒரு பெண்மணி என்னைக் கையும் களவுமாகப் பிடித்தார். ஓய்வுபெற்ற ஆசிரியை, பெயர் மார்கரெட் என்று பிறகு தெரிந்தது. "நீங்கள்தானா அது?" என்று கேட்டார். நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்து, "ஆம், நான்தான்" என்றேன் பெருமையாக. ஏன் அப்படிச் செய்கிறேன் என்று கேட்டார். என் அப்பா பத்திரிகைக்காரர் என்றேன். அவர் முகம் இறுகியது. "எந்தப் பத்திரிகை?" என்றார். "எல்லாப் பத்திரிகையும்" என்றேன். பெரிய முதலாளி ஒருவரின் மகள் பேருந்துக்கு நிற்கிறாளே என்று அவர் குழம்பிப் போயிருக்க வேண்டும். கட்டை மறுபடி கவிழ்ப்பதற்கு முன் முன்பக்கத்தைக் காட்டினார். படகில் வந்திறங்கும் அகதிகளைப் பற்றி, வீட்டில் மருந்தடித்துக் கொல்ல வேண்டிய ஏதோ ஒன்றைப் போல எழுதியிருந்தது. அதை யாரும் பார்க்கக் கூடாது என்றுதான் அவரும் சிநேகிதிகளும் ஊரெல்லாம் கவிழ்த்து வைக்கிறார்களாம். "இது உங்களைப் பற்றியும்தான்" என்றார். நான் விமானத்தில், விசாவோடு வந்தேன் என்று விளக்கினேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். நானும் அவரை அப்படித்தான் பார்த்தேன்.

ஆனாலும் மார்கரெட் விடவில்லை. வாங்குகிறவர்களோடு மல்லுக்கட்ட முடியாது. அதில் விளம்பரம் போடும் கம்பெனிகளைக் கேட்கலாம், உங்கள் காசு இந்த எழுத்துக்குத்தானே போகிறது என்று. அதுதான் அவர்களுடைய வழி. ஒரு சோபா கம்பெனிக்கு நாங்கள் பலர் கடிதம் எழுதினோம். சில வாரங்களில், இனி விளம்பரம் இல்லை என்று பதில் வந்தது. மார்கரெட் எலுமிச்சைக் கேக் சுட்டுக் கொண்டுவந்தார். விளம்பரம் நின்றது எனக்கு இரண்டாம் பட்சம். ஒரு கம்பெனி என் பெயரைப் பிழையில்லாமல் எழுதிப் பதில் போட்டதே! கடைக்குப் பின்னால் அடைத்துக்கொண்ட வடிகானைப் பற்றி அப்பா எத்தனை கடிதம் எழுதியிருப்பார். ஒன்றுக்காவது பதில் வந்ததா? எனக்குத் தலைகால் புரியவில்லை. கையில் ஒரு ஆயுதம் கிடைத்தவள் மாதிரி அலைந்தேன். அதை ஊருக்குக் கொண்டு போகாமல் இருக்க முடியவில்லை.

ஊரில் அதற்கு ஒரு பத்திரிகை காத்திருந்தது. பெயர் வேண்டாம், எங்கள் கடைப் பலகையில் எப்போதும் முதலாவதாக அடுக்கப்படும் சிங்களப் பத்திரிகை. சில வருடங்களுக்கு முன் கண்டிப் பக்கம் முஸ்லிம் கடைகளை எரித்த மாதத்தில், யாரிடம் துணி வாங்கக் கூடாது, யாரிடம் சாப்பிடக் கூடாது என்று அது பக்கம் பக்கமாக எழுதியது. அக்குறணையில் நிஸாம் நானாவின் துணிக்கடை எரிந்தது. என் முதல் பள்ளிச் சீருடைத் துணி அந்தக் கடையில் வெட்டியது. அப்பா அப்போது உயிரோடு இல்லை. தம்பி ஜூட் ஏஜென்சியை நடத்தினான். "அதைப் பலகையில் வைக்காதே" என்று இங்கிருந்து போனில் கத்தினேன். "விக்கலேன்னா ஏஜென்சியப் பறிச்சிருவாங்க அக்கா. நீங்க அங்க இருந்து சொல்லுவீங்க" என்றான். அன்று போனை வைத்துவிட்டேன். வருடங்கள் கழித்து இப்போது அந்தப் பத்திரிகை மறுபடி அக்குறணைக் கடைகளைப் பற்றி ஆரம்பித்திருந்தது. அதன் கடைசிப் பக்கத்தில் முழு நிறத்தில் ஒரு பிஸ்கட் விளம்பரம். அதே பிஸ்கட் இங்கே என் அலுமாரியிலும் இருந்தது.

இரவல் வாங்கிய ஆங்கிலத்தில், மார்கரெட்டின் மாதிரிக் கடிதத்தைப் பார்த்து அந்த பிஸ்கட் கம்பெனிக்கு எழுதினேன். கண்டியிலிருந்து போய் லண்டன், டொரொண்டோ, மெல்பர்ன் என்று சிதறிக் கிடக்கும் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். இவ்வளவு பேர் எழுதுவார்கள் என்று நினைக்கவே இல்லை. உங்கள் பிஸ்கட்டை இனித் தொடமாட்டோம் என்றார்கள். கம்பெனி பணிந்தது. அந்தப் பத்திரிகை நிறுவனத்துக்குக் கொடுத்து வந்த எல்லா விளம்பரங்களையும் நிறுத்திவிட்டோம் என்று பதில் வந்தது. குழுவில் பூவும் கைதட்டலுமாகக் கொட்டின. 'எல்லா விளம்பரங்களையும்' என்பதைப் படித்து நான் இன்னும் கொஞ்சம் மகிழ்ந்தேன்.

பத்து நாள் கழித்துச் செல்வியின் குரல் பதிவு வந்தது. செல்வி என்னோடு கண்டியில் படித்தவள், மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். ஒரு தமிழ்ப் பத்திரிகைக்குக் கண்டி நிருபர். வாராவாரம் வரும் மலையகப் பக்கம் முழுக்க அவள் பொறுப்பு. "பக்கத்த நிப்பாட்டிட்டாங்கடி ரீட்டா. பிஸ்கட் விளம்பரம் போயிருச்சாம், செலவு தாங்காதாம். முதல்ல வெட்டுறதுன்னா எங்கள தானே வெட்டுவாங்க" என்றாள். அழவில்லை.

அப்போதுதான் எனக்கு அந்தக் கயிறு ஞாபகம் வந்தது. அந்தச் சிங்களப் பத்திரிகையும் செல்வியின் தமிழ்ப் பத்திரிகையும் ஒரே முதலாளி வீட்டுச் சரக்கு. ஒரே வான் வண்டியில், ஒரே கட்டில், ஒரே கயிற்றில் வரும். அந்தக் கயிற்றை எட்டு வருடம் என் கையால் அறுத்திருக்கிறேன். லண்டனில் பிறந்த பிள்ளைகளுக்கு இது தெரியாமல் இருக்கலாம். குழுவில் இருக்கும் டொரொண்டோ வக்கீலுக்குத் தெரியாமல் இருக்கலாம். எனக்குத் தெரியாதா? தெரிந்திருந்தும், கடிதம் எழுதும்போது அது என் புத்தியில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது. பிறகு பயமாக இருந்தது, ஏனென்றால் செல்வியின் பக்கத்தில் அப்போது ஓடிக்கொண்டிருந்த விஷயம் விளையாட்டல்ல.

விடுமுறை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். என் கடிதத்தைப் பற்றிச் செல்வியிடம் சொல்லாமலே அவளோடு மடுல்கெல்லவுக்குப் பேருந்து ஏறினேன். மலைச்சரிவில் ஒரு பழைய லயம், தேயிலைத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். பின்னால் மண் இறங்கிக்கொண்டிருக்கிறது. முன்வரிசை வீடுகளின் சுவரில் தரையிலிருந்து கூரைவரை வெடிப்பு. அதில் என் விரல் தாராளமாக நுழைந்தது. ஆட்களை எழுப்பி வேறிடத்தில் வைக்கச் சொல்லி அதிகாரிகள் எழுதிய கடிதம் ஒன்று தோட்ட ஆபீசில் தூங்குகிறது. செல்வி முதல் பகுதியில் வெடிப்பைப் பற்றி எழுதினாள், இரண்டாவதில் ஆட்களைப் பற்றி. மூன்றாவதில் அந்தக் கடிதம் வர இருந்தது. அதற்குள் பக்கமே போய்விட்டது. மாரியாயி என்ற பெண் தன் வீட்டுச் சுவரில் முதல் இரண்டு பகுதிகளையும் சோற்றுப் பசையால் ஒட்டி வைத்திருந்தாள், சரியாக வெடிப்புக்குப் பக்கத்தில். "பேப்பருல வந்தப்ப தோட்டத்துத் தொர ஓடி வந்து பாத்தாரு. அடுத்த வாரமும் வரும்னு சொல்லிக்கிட்டு இருந்தோம். வரல. அவரும் வரல. மழ மட்டும் வருது" என்றாள். எனக்குத் தேத்தண்ணி கொடுத்தாள். லண்டனிலா இருக்கிறீர்கள் என்று கேட்டாள். ஆம் என்றேன், எந்த ஊர் என்று விளக்குகிற தெம்பு இல்லை.

திரும்பிப் போகப் பேருந்துக்கு நிற்கும்போது செல்வியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன். ஏசினாள்தான்.

"அந்தப் பேப்பர்ல என்னா எழுதுறாங்கனு எனக்குத் தெரியாதாடி? வாராவாரம் வெக்கப்பட்டுக்கிட்டேதான் வேல செஞ்சேன். அவங்க விளம்பரத்துல தான் எங்க பக்கம் ஓடுச்சு, அதுவும் தெரியும். அத நிப்பாட்டணும்னு உனக்குத் தோணுனது தப்பில்ல. ஆனா என்னைய ஒரு வார்த்த கேட்டியா? உலகம் பூரா ஆளு தேடுன. கண்டியில ஒருத்தி இருக்கேன்னு ஞாபகம் வரலியா?"

பேருந்து வந்தது. இருவரும் ஒரே இருக்கையில் உட்கார்ந்து கண்டிக்குத் திரும்பினோம்.

மறுநாள் அக்குறணைக்குப் போனேன், நிஸாம் நானாவாவது என்னைத் திட்டட்டும் என்று. புதிதாகக் கட்டிய கடையில் கதிரை இழுத்துப் போட்டு உட்கார வைத்தார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்தக் கம்பெனி விளம்பரத்த நிப்பாட்டினத்தக் கேட்டு நான் அழுதன் தங்கச்சி. எங்களுக்காகப் பேசவும் ஆள் ஈக்கி என்டு நெனச்சன். அந்தத் தோட்டத்து ஆக்கள் பாவம்தான். அதுக்காக நீங்க எழுதினது பிழ என்டு மட்டும் செல்லாதீங்க" என்றார். வாசல்வரை வந்து வழியனுப்பினார். ஒரு மனிதரின் ஆறுதலும் இன்னொருத்தியின் சுவர் வெடிப்பும் என் ஒரே கடிதத்தில் இருந்தன. கம்பெனிக்கு மறுபடி எழுத உட்கார்ந்தேன்: தமிழ்ப் பத்திரிகைக்கு மட்டும் கொடுங்கள் என்று. உங்கள் அக்கறைக்கு நன்றி என்று மட்டும் பதில் வந்தது. இந்த முறை என் பெயர்கூட அதில் இல்லை.

நான் புறப்படுவதற்கு முதல்நாள் விடியற்காலை செல்வி எங்கள் கடைக்கு வந்தாள். கையில் ஒரு கட்டுத் தாள். மூன்றாம் பகுதியைத் தானே அச்சடித்து நகலெடுத்திருந்தாள். ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் சிங்களம், நடுவில் அந்த அதிகாரிகளின் கடிதம். "டியூஷன் நோட்டீஸ் எல்லாம் பேப்பருக்குள்ள வச்சுக் குடுக்குறீங்க தானே ஜூட். அது மாதிரி இதையும் வச்சுக் குடு" என்றாள்.

ஜூட் தலையைச் சொறிந்தான். "தோட்டத்து விஷயம் அக்கா... கொழும்புக்குப் போட்டுக் குடுத்தாங்கன்னா?" என்றான்.

"டியூஷன் நோட்டீஸ்னு நெனச்சேன்னு சொல்லு."

அவன் என்னைப் பார்த்தான். நான் கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்தேன். கட்டில் தமிழ்ப் பத்திரிகை மெலிந்து போயிருந்தது. சிங்களப் பத்திரிகை வழக்கம்போலத் தடிமனாக, முன்பக்கத்தில் வழக்கமான விஷத்தோடு இருந்தது. அதைத்தான் இந்த ஊரில் அதிகம் பேர் வாங்குகிறார்கள். தோட்ட ஆபீசுக்கும், கச்சேரியில் அரசாங்க அதிகாரிகளின் மேசைக்கும் போவதும் அதுதான். செல்வி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து தாளைச் செருகினோம். என் விரல்கள் எதையும் மறக்கவில்லை. எல்லாவற்றையும் பலகையில் அடுக்கினேன், பெயர் வெளியே தெரிய, ஓரங்கள் ஒட்ட. எவரும் விளம்பரம் தரக் கூடாது என்று நான் உலகம் முழுக்க ஆள் சேர்த்த பத்திரிகை அது. அன்று அதில் ஒரு பிரதிகூட மிஞ்சக் கூடாது என்று மனதுக்குள் மாதாவைக் கும்பிட்டுக்கொண்டு நின்றேன். பத்து மணிக்குள் பலகை காலியானது. செல்வி என் தோளைத் தொட்டுவிட்டுப் பேருந்தைப் பிடிக்க ஓடினாள். மன்னித்தாளா என்று கேட்க நேரம் தரவில்லை.

இங்கே வந்த பிறகு அவளிடமிருந்து ஒரு குரல் பதிவு. "மூணு பேர் போன் பண்ணாங்க. ரெண்டு பேர் சிங்களத்துல கேட்டாங்க, எந்தத் தோட்டம், எப்புடிப் போறதுன்னு. ஒருத்தர் ஏசினார். தொர இன்னும் வரல. இங்க மழ." அவ்வளவுதான். வானிலைச் செய்தியில் இப்போது நான் முதலில் பார்ப்பது நான் வாழும் நகரத்தை அல்ல.

நேற்றுக் காலை அந்தக் கடையில் கீழ் அடுக்குப் பத்திரிகை கவிழ்ந்து கிடந்தது. மார்கரெட் தன் வேலையை முடித்துவிட்டுப் போயிருக்கிறார். நான் நிமிர்த்தவில்லை. ஆனால் ஒன்றை எடுத்து உதறிப் பார்த்தேன், உள்ளேயிருந்து ஏதாவது தாள் விழுமா என்று. ஒன்றும் விழவில்லை. கடைக்காரர் நிமிர்ந்து, வாங்கப் போகிறீர்களா என்று கேட்டார். இல்லை என்று சொல்லி, பேருந்து வந்த அவசரத்தில் அதைத் திரும்ப வைத்துவிட்டு ஓடினேன். இருக்கையில் உட்கார்ந்த பிறகுதான் யோசித்தேன், எந்தப் பக்கம் மேலே இருக்கும்படி வைத்தேன் என்று. நினைவில்லை.