கிராணி விஸ்வலிங்கத்தின் ஆறில் ஒரு பங்கு

ரப்பர்த் தோட்டத்தில் கணக்கெழுதிய விஸ்வலிங்கம் கிராணி யாழ்ப்பாணத்தில் மாடி வைத்த கல்வீடு கட்டிவிட்டார் என்பது ஈப்போவில் எல்லாருக்கும் தெரியும். தோட்டத்து ஜனங்களின் சம்பளத்தையும் மாரியம்மன் கோயில் பணத்தையும் ஒரு சைக்கிள் சக்கரத்தில் சுற்றி வாரிக்கொண்டு, அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருக்கும்போதே பெண்டாட்டியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கப்பலேறிவிட்டாராம். வீட்டுக்கு எத்தனை ஜன்னல் என்பதில்தான் அபிப்பிராய பேதம். நாவிதர் பன்னிரண்டு என்கிறார். மாட்டுவண்டிக்காரர் பதினெட்டுக்குக் குறைந்து ஒத்துக்கொள்வதில்லை. எல்லா ஜன்னலுக்கும் பச்சைக் கண்ணாடி என்பதில் இருவருக்கும் சண்டை இல்லை.

கண்ணாடியின் நிறம்வரை தெரிந்த செய்தி எப்படிப் பொய்யாகும்? அந்த நம்பிக்கையோடு விசாரிக்கப் புறப்பட்டால் யாழ்ப்பாணம்வரை அலைய வேண்டியதில்லை. ஈப்போ ஓரத்துப் புந்தோங்கோடு பிரயாணம் முடிந்துவிடுகிறது. அங்கே மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் ஒரு தகர அறை. ஜன்னல் ஒன்று. கண்ணாடிக்குப் பதில் கோணி. உள்ளே விஸ்வலிங்கம் உட்கார்ந்து விறகுக்கடைக்காரருக்குக் கணக்கு எழுதுகிறார். மூலையில் சைக்கிள் சக்கரம் மட்டும் நிஜமாகவே இருக்கிறது. வதந்தியில் அந்த ஒரு சாமான்தான் அசல்.

மனிதருக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு வியாதி. எந்தக் கணக்கைப் பார்த்தாலும் போட்டு முடித்தால்தான் தொண்டையில் சோறு இறங்கும். அந்த வியாதியை நம்பித்தான் பினாங்குக்குக் கப்பலேறினார். அதற்காகத்தான் ஈப்போவுக்கு அப்பால் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் சின்னக் கிராணி வேலையும் கொடுத்தார்கள். விடியற்காலைப் பெரட்டில் பேர் கூப்பிடுவது, ஆளுக்கு எவ்வளவு ரப்பர்ப் பால் என்று நிறுத்து எழுதுவது, மாதக் கடைசியில் கூலி போடுவது. பதினோரு வருஷத்தில் ஒரு காசு பிசகியதில்லை. துரை அதற்காக ஒருமுறை தலையை ஆட்டியிருக்கிறார்.

ரப்பர் விலை தரையில் விழுந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தோராம் வருஷம் துரை வேறு விதமாகத் தலையை ஆட்டினார். கிராணிகள் இரண்டு பேரில் ஒருவர் போதும். யார் என்று பிறகு சொல்வதாகச் சொன்னார். அன்று மாலையே விஸ்வலிங்கம் குனோங் ராபாட்டுக்குப் போய், சுண்ணாம்புக் குன்றின் அடியில் மூன்று ஏக்கர் நிலத்தைச் சுற்றி நடந்தார். அறுநூறு வெள்ளிக்கு அசையாத நிலம், விலை விழுந்ததில் நானூற்றைம்பதுக்கு இறங்கி வந்திருந்தது. ஐம்பது முன்பணம் கொடுத்தார். ஆடி முடிவதற்குள் பாக்கி நானூறு கொடுக்க வேண்டும். தவறினால் முன்பணமும் போகும், நிலமும் போகும். கையில் இருந்தது முந்நூற்றுப் பத்து. தொண்ணூறு குறைந்தது. துரை தலையை எந்தப் பக்கம் ஆட்டினாலும் அம்பிகையோடு அந்த மூன்று ஏக்கரில் கால் நீட்டி இருந்துவிடலாம் என்பது அவருடைய ஒரே எண்ணம்.

அந்தத் தொண்ணூறுக்கு அவருக்கு வழி காட்டியவன் கங்காணி அப்பாவு. அவனுக்கே அது தெரியாது.

ஈப்போவில் ஒரு காப்பிக்கடையின் பின்கட்டில் ஒரு தவுக்கே, சீன முதலாளி, சூதாட்டச் சக்கரம் வைத்திருந்தார். சக்கரத்தில் பன்னிரண்டு எண்கள். பத்துக் காசு வைத்த எண் வந்தால் ஒரு வெள்ளி கிடைக்கும். சம்பளம் வாங்கிய ஞாயிற்றுக்கிழமை அப்பாவு அங்கே போவான். திங்கட்கிழமை விஸ்வலிங்கத்திடம் அரிசிக்குக் கைமாற்றுக் கேட்பான். கேட்டால் கொடுப்பார். கொடுப்பதற்கு முன் பாடம் நடத்துவார்.

"பன்னிரண்டு பேர் ஆளுக்குப் பத்துக் காசு வைக்கிறியள். ஒவ்வொருத்தன் ஒவ்வொரு எண்ணிலை. மொத்தம் எவ்வளவு?"

"ஒரு வெள்ளி இருவது காசுங்க."

"ஓம். வெல்லுறவன் ஒருத்தன்தான். அவனுக்கு ஒரு வெள்ளி. மிச்ச இருபது காசு எங்கை போச்சுது?"

"தவுக்கே சக்கரத்துக்கு எண்ணெ போட வேணாமாங்க?"

"அப்பாவு, ஆறிலை ஒரு பங்கு ஒவ்வொரு சுத்திலையும் அவன்ரை பெட்டிக்குள்ளை போகுது. நீ வெண்டாலும் தோத்தாலும் அவனுக்கு ஒண்டுதான். விளங்குதோ?"

"வெளங்குதுங்க கிராணி ஐயா. ஆனா போன மாசம் ஒம்போது வந்து எனக்கு அஞ்சு வெள்ளி கெடச்சுச்சே. அன்னிக்கு அந்த ஆறுல ஒரு பங்கு லீவு போட்டிருந்துச்சா?"

பெரட்டில் நின்ற கூட்டம் சிரித்தது. விஸ்வலிங்கத்துக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. இவ்வளவு பேர் இவ்வளவு சந்தோஷமாகத் தூக்கி எறிகிற ஆறில் ஒரு பங்கை யாரோ ஒருவன் மடியில் வாங்கிக்கொள்கிறான். அந்த யாரோ ஏன் நாமாக இருக்கக்கூடாது? கணக்குத் தெரியாதவன் காசு வைக்கிறான். கணக்குத் தெரிந்தவன் சக்கரம் வைக்க வேண்டியதுதானே?

பழைய சைக்கிள் சக்கரத்தைக் கம்பத்தில் மாட்டி, தகரத்தில் பன்னிரண்டு எண் எழுதிக் கட்டினார். டயர்த்துண்டு ஒன்று நாக்குப்போல உரசி, சக்கரம் நின்ற இடத்தைக் காட்டியது. அம்பிகை வாசலில் நின்று பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, இது சூதெல்லோ?"

"காசு வைக்கிறவனுக்குத்தான் சூது. எனக்கு இது கணக்கு."

"பொலிசுக்காரனும் அப்பிடித்தான் சொல்லுவானோ?"

கூலிகள் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் பொலிஸ் வருவதில்லை. இரண்டு சம்பள நாட்களில் செலவு போக முப்பது வெள்ளி சேர்ந்தது. பாடத்தில் சொன்னபடியே நடந்தது. ஒருவன் மூன்றில் வைப்பான், இன்னொருத்தி பதினொன்றில், ஒருவன் மாமியார் வயதைக் கூட்டிக் கழித்து எட்டில். எங்கே நின்றாலும் ஒரு பிடி காசு விஸ்வலிங்கத்தின் பக்கம் மிஞ்சியது. குனோங் ராபாட்டில் எந்த ஓரத்தில் கிணறு வெட்டுவது என்பதுவரை அவர் யோசித்துவிட்டார்.

பிறகு ஆடித் திருவிழா வந்தது.

தோட்டத்து மாரியம்மன் கோயிலில் சாமி பத்துமலை என்கிற ஆளின் மேல் இறங்கும். மற்ற நாளில் அவன் பால் வாளி தூக்குகிறவன். அன்றைக்கு எல்லாரும் அவன் காலில் விழுந்து குறி கேட்பார்கள். பால்மரம் சீவுகிற இருளாயி கேட்டது புருஷனைப் பற்றி. அவன் மலேரியாவில் ஆஸ்பத்திரியில் கிடந்தான். சாமி ஆடிக்கொண்டே வேப்பங்குலையை ஒடித்து அவள் கையில் திணித்தது. கஷாயம் வைத்துக் கொடு என்று அர்த்தம். அவளும் அப்படித்தான் நினைத்தாள். ஆனால் பக்கத்தில் நின்ற அப்பாவு கங்காணி அவள் விரலை விரித்து எண்ணிப் பார்த்துவிட்டான்.

"ஏழு ஈர்க்கு," என்றான். "அம்மா ஏழு குடுத்திருக்கா."

பிறகு அந்த ஈர்க்குகள் இருளாயி கைக்குத் திரும்பி வரவில்லை. ஒவ்வொருவராக வாங்கி எண்ணிப் பார்த்தார்கள். யார் எண்ணினாலும் ஏழுதான். கஷாயம் மட்டும் யாரும் வைக்கவில்லை.

மறுநாள் மதியம் விஸ்வலிங்கம் சக்கரத்தை மாட்டியபோது தோட்டமே வந்து நின்றது. பலகையில் ஒன்றிலிருந்து பன்னிரண்டுவரை கட்டம் போட்டிருந்தார். பதினொரு கட்டத்தில் ஒரு செம்புக் காசு இல்லை. ஏழாம் கட்டத்தில் வைக்க இடமில்லாமல் காசு வழிந்தது. அம்மா சொன்ன எண்ணை விட்டு வேறு எண்ணில் வைக்க அங்கே யாருக்குத் துணிச்சல்? நாளைக்குக் குழந்தைக்கு அம்மை போட்டால் யார் பதில் சொல்வது?

விஸ்வலிங்கம் ஒரு நிமிஷம் பலகையைப் பார்த்தார். அவர் பாடத்தில் பன்னிரண்டு பேரும் பன்னிரண்டு கட்டத்தில் வைப்பார்கள். பாடத்துக்குள் மாரியம்மன் வந்ததில்லை. ஆனாலும் கணக்கைப் போட்டுப் பார்த்தார்: பன்னிரண்டில் பதினொரு தடவை எல்லாமே நமக்கு. சுற்றினார். மூன்று வந்தது. நாற்பது வெள்ளி அவர் பக்கம்.

"அம்மா சோதிக்கிறா," என்றான் அப்பாவு. மறுபடியும் ஏழு நிரம்பியது. மறுபடியும் சுற்றினார். பதினொன்று. ஐம்பது வெள்ளி.

பழைய முந்நூற்று நாற்பதோடு சேர்த்து அவர் மடியில் இப்போது நானூற்று முப்பது. மூன்று ஏக்கரும் வந்துவிட்டது. பத்திரச் செலவுக்கும் மிச்சம் இருந்தது. கை தானாகச் சக்கரத்தின் ஆணியைக் கழற்றப் போயிற்று.

"என்னங்க கிராணி ஐயா, அம்மா காசை அள்ளிக்கிட்டு எந்திரிக்கிறீங்க?" என்றான் அப்பாவு. "ஒவ்வொரு சுத்துலயும் சக்கரம் வச்சவனுக்குத்தான் லாபம்னு தெனம் பெரட்டுல சொன்னீங்களே. இப்ப ஒங்களுக்கே நம்பிக்கை இல்லியா?"

கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பைப் பொருட்படுத்தாமல் அவர் போயிருக்கலாம். போகவிடாமல் பிடித்துக்கொண்டது அவருடைய சொந்தக் கணக்குதான். சக்கரத்துக்கு ஞாபகம் கிடையாது, முன்சுற்றில் வந்ததற்கும் இந்தச் சுற்றுக்கும் சம்பந்தமில்லை என்று சொன்னவரே அவர். அப்படியானால் இப்போது நிறுத்துவதற்கு நியாயம் என்ன? முதல் சுற்று சரி என்றால் மூன்றாவதும் சரி. தப்பே இல்லாத அந்த யோசனையோடு அவர் ஆணியை விட்டார்.

லயத்தில் மிச்சமிருந்த காசெல்லாம் ஏழில் விழுந்தது. அப்பாவு இடுப்பிலிருந்து இருபது வெள்ளி எடுத்து வைத்தான். கோயில் பணம் என்று பக்கத்தில் நின்றவர்களுக்குத் தெரியும். இருளாயி எல்லாருக்கும் பின்னாலிருந்து கை நீட்டிப் பத்துக் காசு வைத்தாள். மொத்தம் ஐம்பத்தைந்து வெள்ளி.

டயர்த்துண்டு கடகடவென்று அடித்து, மெதுவாகி, ஆறைத் தாண்ட யோசித்து, தாண்டி, ஏழில் நின்றது.

ஐந்நூற்றைம்பது வெள்ளி. பலகையில் கிடந்ததையும் மடியில் இருந்ததையும் கொடுத்தது போக அறுபத்தைந்து குறைந்தது. இரண்டே நாளில் சைக்கிளும் அம்பிகையின் காப்பும் ஈப்போ அடகுக்கடைக்குப் போய் அறுபத்து நான்கு வெள்ளியாகத் திரும்பின. லயத்தில் ஒவ்வொரு வாசலிலும் நின்று பட்டுவாடா செய்தார். பெரட்டு வரிசைப்படி பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுத்தார், பழக்கம் விடவில்லை. கடைசி வாசலில் இருளாயி இல்லை. புருஷனை எடுத்துப் புதைக்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். அவர் கையிலும் அவளுக்குச் சேர வேண்டிய ஒரு வெள்ளி இல்லை.

ஆடி முடிந்தது. நிலமும் முன்பணமும் போயின. எந்தக் கிராணியை அனுப்புவது என்ற கவலையும் துரைக்குத் தீர்ந்தது.

ஜெயித்த பணம் என்ன ஆயிற்று என்று கேட்டால் தோட்டத்தில் எல்லாரும் மரத்தைப் பார்க்கிறார்கள். அம்மா பக்கத்தில் இருக்கும்போது பத்துக் காசு ஆட்டம் எதற்கு என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமையே இரண்டு மாட்டுவண்டி பிடித்து ஈப்போத் தவுக்கேயிடம் போனார்கள். எல்லாரும் ஏழில்தான் வைத்தார்கள். தவுக்கே தேநீர் வரவழைத்துக் கொடுத்தாராம். ஏழு ஒரு தடவை வரவும் செய்தது. தவுக்கேயின் பெட்டி பெரியது. சிரித்துக்கொண்டே எண்ணிக் கொடுத்தார். கொடுத்ததெல்லாம் சாயங்காலத்துக்குள் அவரிடமே திரும்பிவிட்டது. அப்பாவு கோயில் பணத்தில் ஜெயித்த இருநூறும் அதோடு போயிற்று. கோயில் பணம் எங்கே என்று ஊர் கேட்டபோது அவன் ஒரு பதில் சொல்ல வேண்டியிருந்தது. விஸ்வலிங்கம் அவன் வாயில் கப்பலேறியது அப்போதுதான். மாடியும் ஜன்னலும் பிறகு மற்றவர்கள் கட்டியது.

தோட்டத்தில் ஆள் குறைத்தபோது இருளாயியும் புந்தோங் வந்துவிட்டாள். ரோட்டுக்குக் கல் உடைக்கிறாள். மாதம் ஒருமுறை தகர அறைக்கு வருவாள். போன மாதமும் வந்தாள்.

"கிராணி ஐயா, இருக்கீங்களா?"

"இருக்கிறன். வேறை எங்கை போக?"

"அந்த ஒரு வெள்ளி."

"அடுத்த மாசம் தாறன், இருளாயி."

"பச்சைக் கண்ணாடி வச்சுக் கல்வீடு கட்டிருக்கீங்களாம்ல. ஒரு ஜன்னலைக் கழட்டி வித்தாவது குடுக்கலாமே."

விஸ்வலிங்கம் பேனாவைத் துடைத்தார். அவள் மூலையில் இருந்த சக்கரத்தைப் பார்த்தாள்.

"சரி, ஒண்ணு செய்யுங்க. அதை ஒரு சுத்து சுத்துங்க. ஏழு வந்தா பத்து வெள்ளி எனக்கு. வராட்டி ஒங்க கணக்கு தீந்துச்சு, இனி வந்து கேக்க மாட்டேன்."

வியாதி உடனே வேலை செய்தது. பன்னிரண்டில் பதினொரு பங்கு அவர் பக்கம். பத்து வெள்ளியைப் பன்னிரண்டால் வகுத்தால் எண்பத்துமூன்று காசுக்குச் சற்று மேல். ஒரு வெள்ளிக் கடனில் பதினாறு, பதினேழு காசு லாபம். அதே ஆறில் ஒரு பங்கு. அவர் சொன்னது எப்போதும் சரிதான், இப்போதும் சரிதான்.

அடுப்படியிலிருந்து அம்பிகை கேட்டாள்: "கணக்கு என்ன சொல்லுது?"

"சுத்தச் சொல்லுது."

"பிறகென்ன?"

அவர் எழுந்து சக்கரத்தருகே போனார். துருவேறியிருந்தது, விரல் வைத்தால் ஓடும். விரல் வைக்கவில்லை. ஏழு வந்துவிட்டால் பத்து வெள்ளிக்கு அவர் எங்கே போவார் என்று எந்தப் பாடத்திலும் இல்லை. திரும்பி வந்து உட்கார்ந்து விறகுக்கடைக் கணக்கை விட்ட இடத்திலிருந்து கூட்டத் தொடங்கினார்.

"அடுத்த மாசம் கட்டாயம் தாறன்," என்றார், தலை நிமிராமல்.

"இதையும் சேத்துக் கூட்டிக்கங்க," என்று சொல்லிவிட்டு இருளாயி கல் உடைக்கப் போனாள். இந்த மாதமும் வந்து கேட்டுவிட்டுப் போயிருக்கிறாள்.