நாலெழுத்தும் ஒரு பெயர்ப்பலகையும்

கல்வியின் மேல் ஆசைப்பட்டு நான் எந்தப் பரீட்சையும் எழுதியதில்லை. பள்ளிப் பரீட்சைகளை அப்பாவுக்குப் பயந்து எழுதினேன். வேலைக்கான பரீட்சையைக் கல்யாணம் ஆக வேண்டும் என்பதற்காக எழுதினேன். நாற்பத்து நாலு வயதில், வெள்ளெழுத்துக் கண்ணாடி மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் நெட்வொர்க்கிங் படித்ததற்குக் காரணம் ஒரு மனிதர். அவரைப் பழிவாங்க வேண்டியிருந்தது. வேறு உயர்ந்த நோக்கம் ஏதாவது இருந்ததா என்று இத்தனை வருடம் கழித்தும் யோசித்துப் பார்க்கிறேன். இல்லை.

நான் அப்போது நெய்வேலியில் சுரங்கத்தின் டைம் ஆபீஸ் குமாஸ்தா. ஷிப்டுக்கு வருகிறவர்கள் விரலை வைத்துவிட்டு உள்ளே போகும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு நாற்காலி. ஒருநாள் பகல் ஷிப்ட் மாறும் நேரத்தில் இயந்திரம் நின்றுபோனது. வரிசை கேட் வரை நீண்டது. இயந்திரத்தை ஹெட் ஆபீஸோடு இணைக்கும் சின்னப் பெட்டி ஒன்று சுவரில் உண்டு. சாதாரணமாக அதில் பச்சை விளக்குகள் கண்ணடிக்கும். அன்று அடிக்கவில்லை. எங்கள் ஊரில் எல்லாவற்றின் மேலும் படிவது போல அதன் மேலும் பழுப்பு நிலக்கரித் தூசி படிந்திருந்தது. நான் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு ஊது ஊதினேன். நான் செய்தது அவ்வளவுதான்.

கொஞ்ச நேரத்தில் கம்ப்யூட்டர் பிரிவு அதிகாரி வந்தார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். பதவியில் என்னைவிட நாலைந்து படி மேலே. கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், அந்த ஊர் மரியாதையெல்லாம் பேச்சில் சொட்டும். யாராவது இதைத் தொட்டீர்களா என்று கேட்டார். தூசியாக இருந்தது, ஊதினேன் என்று நான் உண்மையைச் சொன்னேன். உண்மை பேசுவதால் எனக்கு நல்லது நடந்ததே கிடையாது. அவர் என்னைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார், குரலை உயர்த்தாமல் சொன்னார்:

“அண்ணா, நீங்க பேனாவத் தொடுங்ணா, பெட்டிய நாங்க பாத்துக்கறோம். ஊதியே ஆகோணும்னா வீட்ல அடுப்பு இருக்குமுங்களே.”

வரிசை முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பு அன்று சாயங்காலமே கம்பெனி பஸ்ஸில் ஏறி டவுன்ஷிப்பின் எல்லா பிளாக்குகளிலும் இறங்கிவிட்டது. மறுநாள் சைக்கிள் ஸ்டாண்டில் ஒருவன் தன் மோட்டார் பைக்கைக் காட்டி, “அண்ணே, ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது, கொஞ்சம் ஊதிவுடுங்க” என்றான். அதிலிருந்து பம்பு ஓடாத வீடு, தலைவலித்த மாமியார் என்று ஊதச் சொல்லிப் பல கோரிக்கைகள் வந்தன. விஷயம் காய்கறி மார்க்கெட்டில் என் மனைவியின் காதுக்கும் போனது. அவள் ஆறுதல் சொல்லுவாள் என்று எதிர்பார்த்தேன். “நிஜமாவே ஊதினீங்களா?” என்று மட்டும் கேட்டாள்.

அவரை என்ன செய்வது என்று பல வாரம் யோசித்தேன். அதிகாரியை அடிக்க முடியாது. மொட்டைக் கடிதாசு எழுதலாம், ஆனால் டைம் ஆபீஸில் என் கையெழுத்து எல்லோருக்கும் தெரியும். அப்போதுதான் சர்க்குலர் வந்தது. சுரங்கத்துக்கென்று தனியாக ஒரு நெட்வொர்க் குழு அமைக்கப் போகிறார்கள். இருக்கிற ஊழியர்களிலிருந்தே இரண்டு பேர். வெளியார் நடத்தும் நெட்வொர்க்கிங் சான்றிதழ் ஏதாவது ஒன்றை ஆறு மாதத்துக்குள் வாங்கியிருக்க வேண்டும். ஜெனரல் ஷிப்ட்.

அந்தக் கடைசி இரண்டு வார்த்தையில் என் கண் நின்றுவிட்டது. இருபது வருடமாக மூன்று ஷிப்டிலும் சுழன்றவனுக்கு ஜெனரல் ஷிப்ட் என்றால் என்னவென்று காலையில் போய் மாலையில் திரும்புகிறவர்களுக்குப் புரியாது. இரவு வேலை முடிந்து வந்து குவார்ட்டர்ஸில் பகலில் படுத்தால், பக்கத்து வீட்டு மிக்ஸி, எதிர்வீட்டுப் பக்திப் பாட்டு, மேல்மாடியில் யாரோ கட்டிலை இழுக்கும் சத்தம் எல்லாம் நம் காதுக்குள்ளேயே நடக்கும். எனக்குத் தூக்கம் என்ற ஒன்று ஞாபகத்தில்தான் இருந்தது. அந்தக் குழுவுக்குப் போனால் இரவில் தூங்கலாம். ஆனால் குழுவுக்கு மேலே இருக்கப் போகிறவர் அதே அதிகாரிதான்.

சான்றிதழ்கள் இரண்டு இருந்தன. ஒன்று பொதுவானது. எந்தக் கருவிக் கம்பெனியையும் சேராதது, அடிப்படை தெரியுமா என்று பார்ப்பது, ஒழுங்காகப் படித்தால் வந்துவிடும் என்றார்கள். இன்னொன்று ஒரு பெரிய கருவிக் கம்பெனி நடத்துவது. இங்கிலீஷில் நாலெழுத்து. தொடக்க நிலை என்றுதான் அதற்கும் பெயர், ஆனால் என்ஜினியரிங் முடித்த பிள்ளைகளே தலையைப் பிடித்துக்கொள்ளும் தொடக்கம். அதிகாரியிடம் இருந்தது நாலெழுத்துத்தான். ஆபீஸ் அறையில் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். போதாதென்று குவார்ட்டர்ஸ் வாசலில் பெயர்ப்பலகையிலும் பெயர், பட்டம், ஒரு காற்புள்ளி, நாலெழுத்து என்று கறுப்பில் வெள்ளையாக எழுதி வைத்திருந்தார். எங்கள் பிளாக்தான், என் வீட்டிலிருந்து இரண்டு ரோடு தள்ளி.

சந்தேகம் இருந்தால் அவரையே அணுகவும் என்று சர்க்குலர் சொன்னது. அணுகினேன். எதை முதலில் எழுதலாம் என்று கேட்டேன். உட்காரச் சொன்னார், டீ சொன்னார், பொதுவானதையே முதலில் எழுதுங்கள் என்றார். ஏனென்று கேட்டேன்.

“உங்களுக்கு அதே போதுங்ணா.”

டீ நன்றாக இருந்தது என்பது இன்னும் எரிச்சலாக இருந்தது.

என் சங்கடத்தைக் கவனியுங்கள். அவர் சொன்னது சரி. பஜாரில் கோச்சிங் சென்டர் வைத்திருந்தவரைத் தவிர எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். அவர் மட்டும் நாலெழுத்து என்றார், ஏனென்றால் அவர் விற்றது அந்தக் கோர்ஸ்தான். பொதுவானதை எழுதினால் எனக்கு வேலை கிடைக்கும், தூக்கம் கிடைக்கும். ஆனால் அதிகாரி போதும் என்று அளந்து ஊற்றியதைக் கை நீட்டி வாங்கிக் குடித்தவன் ஆவேன். நாலெழுத்தை வாங்கினால் அவர் வாசல் வழியாகப் போகும்போதெல்லாம் தலை நிமிர்ந்து போகலாம். தோற்றால் ஆயுசு முழுக்க ஷிப்ட், கூடவே ஊதல்.

மனைவியிடம் கேட்டேன். “தூக்கம் வேணுமா, சண்டை வேணுமா? அதைச் சொல்லுங்க முதல்ல” என்றாள்.

“ரெண்டும்.”

“ரெண்டும் ஒரே பரீட்சையில வராது.”

டைம் ஆபீஸில் என்னோடு ஒரு கான்ட்ராக்ட் தொழிலாளி இருந்தார். பக்கத்துக் கிராமம், என்னைவிட மூத்தவர். பல வருடமாகப் பர்மனென்ட் ஆவோம் என்று காத்திருந்து, இப்போது காத்திருப்பதையே ஒரு வேலையாகச் செய்துகொண்டிருந்தவர். எங்கள் ஊரில் மாப்பிள்ளை பார்க்கும்போதும் முதலில் கேட்பது பர்மனென்ட்டா கான்ட்ராக்ட்டா என்றுதான். அவரும் இந்தச் சான்றிதழ்களைப் பற்றி அதையே கேட்டார். இரண்டுமே மூன்று வருடம்தான் செல்லும், அப்புறம் மறுபடி எழுதிப் புதுப்பிக்க வேண்டும் என்றேன். அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு யோசித்தார்.

“அப்ப இதுவும் எங்கள மாதிரி ரினிவல் பண்ணிக்கினே கெடக்குற கேசுதான். இதப் போயி வூட்டு வாசல்ல எழுதி வெச்சிகினு இருக்காரே அந்த சாரு.”

நான் சிரித்துவிட்டு நாலெழுத்துக்குப் பணம் கட்டினேன். முட்டாள்தனம் என்று தெரிந்தே கட்டினேன்.

கோச்சிங் சென்டரில் முதல் நாள் நான் நுழைந்ததும் பிள்ளைகள் எழுந்து நின்றார்கள், நான்தான் வாத்தியார் என்று நினைத்து. உண்மை தெரிந்ததும் உட்கார்ந்தார்கள். அதன்பிறகு நான் அங்கிள். பாடத்தில் ஒரு பகுதி மட்டும் எனக்கு வசப்பட்டது, கம்ப்யூட்டர்களுக்கு விலாசம் பிரிப்பது. பிளாக், ரோடு, வீட்டு எண் என்று வாழ்ந்தவனுக்கு அதில் அதிசயம் எதுவும் இல்லை. மற்றதெல்லாம் இரவு ஷிப்டில் படித்துப் பகல் தூக்கமின்மையில் மறந்தேன். ஒவ்வொரு பக்கம் திருப்பும்போதும் அந்தப் பெயர்ப்பலகையை நினைத்துக்கொள்வேன். ஆன்மிகப் புத்தகங்களில் மனதை ஒரு புள்ளியில் நிறுத்தச் சொல்வார்கள். எனக்கு அந்தக் காற்புள்ளி போதுமானதாக இருந்தது.

பரீட்சை பாண்டிச்சேரியில். உறவுக்காரர் கல்யாணம் என்று சொல்லி லீவு போட்டேன். தேர்வு மையத்தில் கைக்கடிகாரம், போன், மனைவி சட்டைப் பையில் வைத்தனுப்பிய விபூதிப் பொட்டலம் எல்லாவற்றையும் வாங்கிப் பூட்டி வைத்தார்கள். விபூதியை மேஜையில் இருந்த பெண் பிரித்து வேறு பார்த்தாள். சாவியை வாங்கிக்கொண்டு திரும்பினால், நாற்காலியில் என் அதிகாரி உட்கார்ந்திருந்தார்.

அவரும் கல்யாணம் என்றுதான் லீவு போட்டிருந்தார் என்று பிற்பாடு தெரிந்தது. இரண்டு பேரும் வணக்கம் சொல்லிக்கொண்டோம். பக்கத்துப் பக்கத்துத் தடுப்புகளில் உட்காரவைத்தார்கள். நடுவில் ஒரு பலகைதான். அந்தப் பக்கம் அவர் பெருமூச்சு விட்டது இந்தப் பக்கம் கேட்டது. நான் எழுதிய நேரத்தில் பாதி அதைக் கேட்பதிலேயே போனது, அதற்காக வருத்தப்படவும் இல்லை.

முடித்ததும் திரையிலேயே முடிவு வந்துவிடும். நான் தோற்றிருந்தேன். கௌரவமான தோல்வி என்று சொல்ல முடியாது. மேஜைப் பெண் தாளைக் கொடுத்து, “அடுத்த தடவை கண்டிப்பா வந்துடும் சார்” என்றாள். படியிறங்காமல் செருப்பை மெதுவாக, மிக மெதுவாக மாட்டிக்கொண்டு நின்றேன். அதிகாரி வெளியே வந்தார். அதே பெண், அதே குரலில், அதே வாக்கியத்தை அவரிடமும் சொன்னாள். பாண்டிச்சேரியில் அன்று வீசியது போன்ற காற்று நான் அனுபவித்ததில்லை.

திரும்பும்போது ஒரே பஸ். அவர் முன்னால், நான் பின்னால். நெல்லிக்குப்பத்தில் ஆலைக்குப் போகும் கரும்பு டிராக்டர்களுக்குப் பின்னால் பஸ் நின்றுவிட்டது. அவர் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். வெயிலைப் பற்றிப் பேசினார், கரும்பைப் பற்றிப் பேசினார். பிறகு, புதுப்பிக்கத்தான் வந்தேன், மூன்று வருடம் முடிந்துவிட்டது, படிக்க நேரமில்லை என்றார். என் வாழ்க்கையில் சரியான வார்த்தை சரியான நேரத்தில் வந்தது அந்த ஒரு தடவைதான்.

“அப்ப சார் இப்போதைக்குக் கான்ட்ராக்ட்தானா?”

அவர் முகம் சிவந்தது. நான் எதை எழுதினேன் என்று கேட்டார். சொன்னேன். “அதுக்குத்தானுங்ணா அன்னிக்கே சொன்னேன், பொதுவானத மொதல்ல எழுதுங்கன்னு” என்றார். அந்த நிலைமையிலும் சொன்னார். அதற்காக அவரை நான் மதிக்கிறேன், அதற்காகவேதான் மன்னிக்கவும் இல்லை.

கொஞ்ச நேரம் கழித்துக் குரலைத் தாழ்த்தினார். “ஆபீஸ்ல இதச் சொல்ல மாட்டீங்கல்ல?”

நான் ஜன்னல் வழியாகக் கரும்பைப் பார்த்தேன். “பஸ் கிளம்பிடுச்சு சார்” என்றேன்.

கெடுவில் கொஞ்ச நாள் மிச்சமிருந்தது. பொதுச் சான்றிதழை எழுதினேன். இப்போது அது அவர் அளந்து ஊற்றியது அல்ல. அவரை முழங்கால் போடவைத்துவிட்டு நானாக எடுத்துக்கொண்டது. தேறினேன். தேர்வுக் குழுவில் மூன்று பேர், அவரும் ஒருவர். மூத்த அதிகாரி என் சான்றிதழைப் புரட்டிவிட்டு, நாலெழுத்தை விட்டுவிட்டு ஏன் இதை முதலில் எடுத்தீர்கள் என்று கேட்டார். நான் என் அதிகாரி பக்கம் திரும்பிக் கை கூப்பாத குறையாகச் சொன்னேன்:

“சார்தாங்க சொன்னாங்க. சார் எழுதிப் பாத்த அனுபவத்துல சொன்னாங்க.”

அவர் தண்ணீர் டம்ளரை எடுத்தார். அது காலி. இருந்தாலும் குடித்தார். எனக்கு வேலை கிடைத்தது.

அதற்கப்புறம் இரவில் தூங்கினேன், அடித்துப் போட்டது மாதிரி. அவருக்குக் கீழே வேலை பார்த்த வருடங்களில் நான் கேட்ட லீவு எதுவும் மறுக்கப்பட்டதில்லை. வாக்கியத்தை முடிப்பதற்குள் கையெழுத்துப் போட்டுவிடுவார். அவர் முன்னால் யாராவது ஊதல் கதையை எடுத்தால் அவரே பேச்சை மாற்றுவார். யாரிடமும் நான் எதுவும் சொல்லவில்லை. சொல்ல மாட்டேன் என்றும் சொல்லவில்லை. தினமும் காலையில் அவர் வாசலில் பேப்பர் படிக்கும் நேரம் பார்த்து, சைக்கிளை மெதுவாக்கி, பெயர்ப்பலகையை ஒவ்வோர் எழுத்தாக வாசித்துவிட்டு வணக்கம் வைத்துப் போவேன். அவர் மனைவி, மரியாதை தெரிந்த மனுஷன் என்று என்னைப் பற்றிச் சொன்னாராம்.

மறுபடி எழுதித் தேறினாரா என்று தெரியாது. நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒருவேளை தேறிவிட்டேன் என்று சொல்லியிருப்பார், அப்புறம் காலைகளில் எனக்கு என்ன இருந்திருக்கும். என்னுடைய சான்றிதழும் மூன்று வருடத்தில் காலாவதி ஆனது. நான் அதை எங்கேயும் எழுதி மாட்டவில்லை என்பதால் யாரும் கவனிக்கவில்லை.

இதில் யார் பெயரையும் நான் எழுதவில்லை. எனக்கும் நாகரிகம் உண்டு. ஆனால் எங்கள் பிளாக்கில் பெயருக்குப் பின்னால் காற்புள்ளி போட்டு நாலெழுத்து எழுதியிருந்த வீடு ஒன்றே ஒன்றுதான். பலகையை மாட்டியது நானல்ல.