கொலம்பஸும் மாமாவும் ஒரே மேசையில்

கொலம்பஸ் மீது எங்கள் வீட்டில் முதலில் இரக்கப்பட்டவர் மாமாதான்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சனில் நாங்கள் இருந்த வாடகை வீட்டின் சின்ன அறையில், துணி காயப்போடும் கம்பிக்கும் அரிசி மூட்டைக்கும் நடுவே ஒரு கட்டிலைப் போட்டுக்கொண்டு இருந்தார். ஒரு பீட்சாக் கடையின் பின்பக்கத்தில் பாத்திரம் கழுவினார். அவர் கையில் இருந்தது டுல்டுங் என்ற தாள். இந்த ஆளை நாட்டைவிட்டு அனுப்புவதை இப்போதைக்கு ஒத்திவைத்திருக்கிறோம், அவ்வளவுதான் என்று அந்தத் தாள் சொல்லும். சில மாதங்களுக்கு ஒருமுறை போய் அதை நீட்டிக்கொண்டு வரவேண்டும். நீட்டப் போகிற நாளில் அம்மா விடியவே சமைத்து மூடி வைத்துவிடுவார். மாமா திரும்பி வரும்வரை வீட்டில் யாரும் சட்டியைத் திறக்கக் கூடாது.

நான் ஆறாம் வகுப்பில் இருந்த காலத்தில் இலங்கையில் சமாதானம் வந்திருந்தது. தொலைக்காட்சியில் பெரிய மனிதர்கள் கைகுலுக்கினார்கள். அம்மா சர்க்கரை போட்டுப் புக்கை பொங்கி அக்கம்பக்கத்துக்கும் கொடுத்தார். புக்கை ஆறுவதற்குள், அங்கேதான் சமாதானம் வந்துவிட்டதே, இனி நீங்கள் போகலாமே என்று வெளிநாட்டவர் அலுவலகம் மாமாவுக்கு எழுதிவிட்டது. வழக்கறிஞர் வழக்குப் போட்டார். நீதிபதி மாமாவை நேரில் கேட்க ஒரு டெர்மின், அதாவது தவணை நாள், கிடைத்தது. அங்கே தோற்றால் மாமா விமானம் ஏறவேண்டியதுதான். எங்கள் வீட்டில் அந்தக் காலத்துச் சமாதானத்துக்காகச் சந்தோஷப்பட்டவர்களும் அதற்குப் பயந்தவர்களும் ஒரே ஆட்கள்தான்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் சமையலறை மேசையில் ஒத்திகை நடந்தது. அப்பாதான் நீதிபதி. நீதிபதி எப்படி இருப்பார் என்று அப்பாவுக்குத் தெரியாது. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, உப்பில்லாத கறியை வாயில் வைத்த முகத்தோடு உட்காருவார். நான் மொழிபெயர்ப்பாளர். நீதிமன்றத்தில் அதற்கென்று ஆள் இருக்கும் என்றாலும், முதல் சில வசனங்களை மாமாவே ஜெர்மனில் சொன்னால் நல்ல மதிப்பு என்று அப்பா தீர்மானித்திருந்தார். நான் அந்த வசனங்களைச் சொல்ல, மாமா திருப்பிச் சொல்வார். பீட்சாக் கடையில் பழகிய ஜெர்மன் அவருடையது. பாதியில் இத்தாலியச் சொல் ஒன்று வந்து குந்திக்கொள்ளும்.

அப்பாவின் சட்டம் ஒன்றே ஒன்று. ஏன் வந்தாய் என்று கேட்டால் ஒரு காரணம்தான் சொல்லவேண்டும்.

“பயத்திலை வந்தனான் எண்டு சொல்லும், மச்சான். அதோடை நிப்பாட்டும். வேலை, காசு, தங்கச்சியின்ரை கலியாணம், ஒண்டும் வாயிலை வரக்கூடாது.”

மாமா ஓம் ஓம் என்று தலையாட்டுவார்.

இந்த நேரத்தில்தான் பள்ளிக்கூடத்தில் ஸ்பானியக் கப்பல்கள் வந்து சேர்ந்தன. எங்கள் சரித்திர ஆசிரியை கரும்பலகையில், ‘ஏன் போனார்கள்?’ என்று பெரிதாக எழுதிவிட்டு எங்களைப் பார்த்தார். யாரோ தங்கம் என்றார்கள். எழுதினார். வாசனைச் சாமான் என்றார்கள். அதையும் எழுதினார். பிறகு மதம் பரப்ப, பேர் எடுக்க. இதில் எது சரி என்று நான் கேட்டேன். எல்லாம்தான், ஒரு மனிதனுக்குள்ளேயே எல்லாம் இருக்கலாம் என்றார். எனக்கு இது பெரிய ஆச்சரியம். எங்கள் மேசையில் இப்படிச் சொல்லியிருந்தால் அப்பா விட்டிருக்கமாட்டார்.

பெற்றோர் வரும் மாலையில் அதை நாடகமாகப் போடுவதென்று முடிவாயிற்று. சீட்டுக் குலுக்கியபோது எனக்குக் கொலம்பஸ் வந்தது. எனக்கோ கிரீடம் வைக்கிற அரசி வேடத்தில்தான் கண். அது என் பக்கத்தில் இருக்கும் செம்பட்டைத் தலைமயிர்க்காரிக்குப் போய்விட்டது. அவளோடு ஒரு நாள் முழுக்கக் கதைக்காமல் இருந்தேன்.

வீட்டில் கொலம்பஸுக்கு நேரம் ஒதுக்க வழியில்லை. மாமாவின் ஒத்திகை முடிந்ததும் அதே மேசையில் என் ஒத்திகை. நீதிபதியாக இருந்த அப்பா கண்ணாடியைக் கழற்றாமலே ஸ்பானிய அரசியானார். மாமா தேத்தண்ணீரோடு கதவுநிலையில் சாய்ந்து நின்று கதை கேட்டார்.

“முதல்லை போர்த்துக்கல் ராசாட்டையோ கேட்டவர்?”

“ஓம் மாமா. அவர் மாட்டன் எண்டிட்டார்.”

“பிறகு?”

“ஸ்பெயினுக்குப் போனவர். அங்கை படிச்ச ஆக்கள் எல்லாரும் கூடியிருந்து யோசிச்சு, சரிவராது எண்டு சொன்னவை. ஆனா ஒரேயடியாப் போ எண்டும் சொல்லேல்லை. வருஷக்கணக்காக் காக்கவச்சவை.”

மாமா கோப்பையை வைத்துவிட்டார்.

“பாவம் மனுசன்,” என்றார். “நீட்டி நீட்டிக் குடுத்திருக்கினம்.”

அன்றிலிருந்து கொலம்பஸ் எங்கள் வீட்டில் ஒரு தெரிந்த ஆளானார். வேலை முடிந்து வரும் மாமா, சப்பாத்தைக் கழற்றும்போதே, “உன்ரை ஆளின்ரை அலுவல் எந்தளவிலை நிக்குது?” என்று விசாரிப்பார்.

அப்பாவுக்கு மட்டும் அந்த ஆளின் பேச்சு பிடிக்கவில்லை. மாட்சிமை தங்கிய அரசியே, உங்களுக்குத் தங்கம் கொண்டுவருவேன் என்று நான் தொடங்கியதுமே கையை உயர்த்திவிட்டார்.

“தங்கம் எண்டு வாயைத் திறந்தா முடிஞ்சுது. உழைக்க வந்த ஆள் எண்டு எழுதி அனுப்பிவிடுவினம். ஊரிலை இருக்கேலாது எண்டு சொல்லச் சொல்லு.”

“அப்பா, அவருக்கு ஊரிலை ஒரு பிரச்சினையும் இல்லை.”

“பிரச்சினை இல்லாமல் ஆர் கடல் தாண்டுவான்?”

கொலம்பஸ் கேட்டவற்றை நான் மேலே படித்தேன். தளபதிப் பட்டம் வேண்டும், பிடிக்கிற நாட்டுக்கெல்லாம் ஆளுநர் பதவி வேண்டும், கிடைக்கிற செல்வத்தில் பத்தில் ஒரு பங்கு வேண்டும், இதெல்லாம் பிள்ளைகளுக்கும் வரவேண்டும். அப்பா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“இவ்வளவும் கேட்டும் விட்டவையோ?”

“மூண்டு கப்பலும் குடுத்தவை.”

பிறகு மாமா சிரிக்கத் தொடங்கினார். “அத்தான், நாங்கள் கேக்கிற முறைதான் பிழை போலை.”

அம்மாவின் கவலை வேறு. மிளகுக்காகவா இவ்வளவு தூரம் போனார்கள் என்று கேட்டார். மிளகைத் தேடிப் போனவர்கள் அங்கே கண்டது மிளகாயை, அங்கிருந்துதான் நமக்கு மிளகாய் வந்தது என்று ஆசிரியை சொன்னதைச் சொன்னேன். தூள் டப்பாவின் மூடியை அழுத்தி மூடியபடி, “உன்ரை ரீச்சர் யாழ்ப்பாணத்துக்கு ஒருக்காலும் போகேல்லைப் போல,” என்று அம்மா அந்த விவகாரத்தை முடித்துவைத்தார்.

கப்பல் கரை சேர்ந்த பிறகு நடந்தது எங்கள் நாடகத்தில் இல்லை. கரையில் நின்ற மக்களிடம் கொலம்பஸ் எந்த அனுமதியும் கேட்கவில்லை. கொடியை நட்டார். அவர்கள் மூக்கில் போட்டிருந்த தங்கம் எங்கிருந்து வருகிறது என்று விசாரித்தார். அதையெல்லாம் மேல்வகுப்பில் படித்து, அந்த ஆளுக்குப் பரிந்து பேசியதற்காக வீட்டில் எல்லோரோடும் நான் சண்டை பிடித்தது வேறு கதை.

கரும்பலகையில் இருந்த நான்கு காரணங்களும் என்னை விடவில்லை. ஒரு நாள் மாமா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

“மாமா, நீங்கள் மெய்யா என்னத்துக்கு வந்தனீங்கள்?”

“பயத்திலை,” என்றார் உடனே, அப்பா பழக்கிய குரலில். பிறகு கத்தியை நிறுத்தினார். “பயத்திலைதான், பிள்ளை. பிடிச்சுக்கொண்டுபோய் அடிச்சவங்கள். ஆனா கொம்மாவை, என்ரை அக்காவைப் பாக்கவும் ஆசை. உழைச்சு அனுப்பவும் ஆசை. சின்னனிலை கடற்கரையிலை இருந்து கப்பல் பாக்கேக்கை, ஒருநாளைக்கு நானும் போகவேணும் எண்டு நினைச்சனான். இவ்வளவும் நீதவானுக்குச் சொல்லேலுமே?”

மாமாவுக்கும் நான்கு காரணங்கள். நான் விரல்விட்டு எண்ணிப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன்.

நாடக நாள் வந்தது. அம்மா தன் அரக்குச் சேலையை மடித்து எனக்கு மேலங்கியாகக் குத்திவிட்டார். குத்தி முடித்து, நெற்றி நிறையத் திருநீறும் பூசிவிட்டார். ஸ்பானிய அரசியின் முன்னால் திருநீற்றோடு நின்ற கொலம்பஸ் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். மாமா கடையில் கெஞ்சி விடுப்பு வாங்கியிருந்தார். நீதிமன்றத்துக்கென்று வாங்கிய வெள்ளைச் சட்டையை, ஒருதரம் போட்டுப் பழகவேண்டும் என்று அன்றைக்கே போட்டுக்கொண்டு கடைசி வரிசையில் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தார்.

விளக்கு என் முகத்தில் விழுந்தது. செம்பட்டைத் தலைக்கு மேல் தங்கத்தாள் கிரீடம் மின்ன, அரசி நிமிர்ந்து கேட்டாள்: “நீங்கள் ஏன் வந்தீர்கள்?”

எனக்குப் பாடமாக இருந்த அத்தனை வசனமும் மறந்துபோயிற்று. தங்கம் இல்லை, மிளகு இல்லை, ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு என் வாய் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளாகப் பழகிய பதில் ஒன்று இருந்தது. அதுவே தானாக வந்தது.

“என் ஊரில் என் உயிருக்குப் பாதுகாப்பு இல்லை. என்னால் திரும்பிப் போக முடியாது. தயவுசெய்து என்னை இங்கே இருக்க விடுங்கள்.”

அரசி திகைத்துவிட்டாள். எவ்வளவு தங்கம் கொண்டுவருவீர் என்பதுதான் அவளுடைய அடுத்த வசனம். இப்படிச் சொல்லிக்கொண்டு நிற்கிற ஒருவரிடம் அதைக் கேட்க அவளுக்கு மனம் வரவில்லை. செங்கோலை மடியில் வைத்துவிட்டு, பள்ளிக்கூட முற்றத்தில் கதைக்கிற குரலில் சொன்னாள்:

“அப்படியென்றால் இங்கேயே இருங்களேன்.”

மண்டபமே சிரித்தது, கையும் தட்டியது. திரைக்குப் பின்னால் இருந்து ஆசிரியை, “தங்கம், தங்கம்!” என்று கிசுகிசுத்தார். எனக்கு எல்லாம் நினைவு வந்து, தங்கத்தைச் சொல்லி, பட்டத்தைக் கேட்டு, அட்டைக் கப்பல்களை ஓட்டி முடித்தேன். கை தட்டியவர்கள் என்னைக் கேலி செய்தார்கள் என்றே நினைத்தேன்.

மாமாவின் டெர்மின் கொஞ்ச நாளில் வந்தது. கூடப் போன அப்பா தலையில் கையை வைத்துக்கொண்டு திரும்பினார். நீதிபதி ஏன் வந்தீர் என்று கேட்க, மாமா பயத்தைச் சொல்லிவிட்டு நிற்காமல், அக்காவையும் உழைப்பையும் கப்பலையும் சேர்த்துச் சொல்லிவிட்டாராம். வீட்டில் அன்று யாருக்கும் சோறு இறங்கவில்லை. ஆனால் தீர்ப்பு வந்தபோது மாமாவை இருக்க விட்டிருந்தார்கள். எதைக் கேட்டு மனமிரங்கினார்கள் என்று வழக்கறிஞருக்கே தெரியாது. மாமா இன்றும் அதே நகரத்தில்தான் இருக்கிறார். இப்போது பீட்சாக் கடையின் முன்பக்கத்தில் நின்று அவரே மாவு வீசுகிறார்.

எனக்கு நினைவில் நிற்பது தீர்ப்பு வந்த நாளைவிட, நாடகம் முடிந்து டிராமில் வீட்டுக்குப் போன நேரம்தான். தான் சொல்லிக்கொடுத்த பதிலுக்குத்தான் கைதட்டல் விழுந்தது என்று அப்பா அம்மாவிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தார். நான் சேலை மேலங்கிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தேன். மாமா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“பிள்ளை, அந்த அரசி என்ன சொன்னவ?”

சொன்னேன்.

“ஜெர்மன்லை சொல்லு.”

சொன்னேன். மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். டிராம் அடுத்த தரிப்பில் நின்றபோது திரும்பவும் கேட்டார். பிழையாகிப்போன என் நாடகத்தைச் சொல்லிக்காட்டி நக்கலடிக்கிறார் என்று எனக்குக் கோபம் வந்தது.

“கேட்டனீங்கள்தானே மாமா, காது கேக்கேல்லையே?”

“கேட்டது பிள்ளை. இன்னொருக்காச் சொல்லு.”

மாமா இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து, எந்த அலுவலக மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவரும் அவரிடம் அந்த வசனத்தைச் சொன்னதில்லை. அது அன்றைக்கு எனக்குத் தெரியாது. எங்கள் தரிப்பு வரும்வரை, முகத்தை நீட்டிக்கொண்டு, அவர் கேட்கக் கேட்கச் சொல்லிக்கொண்டே வந்தேன்.