நான்காம் அத்தியாயத்து ஆலமரம்

கொட்டாம்பட்டி தாண்டியதும் பஸ் பஞ்சராகி நிற்கிறது. இறங்கினால் எனக்குத் தெரிந்த இடம். சாலையோரத்தில் அதே ஆலமரம், அதைச் சுற்றி அதே கல்மேடை. மனிதனையும் அவன் வாழும் இடத்தையும் பற்றி நான் எழுதிய தத்துவ நூலின் நான்காம் அத்தியாயம் இங்கே உட்கார்ந்து எழுதியதுதான். 'இந்த நிழலில் வந்து உட்காரும் யாரும் இந்த ஊர்க்காரர்தான்' என்று அது முடியும். கல்லூரியில் இருபது வருடம் அதையே பாடமாகவும் நடத்தினேன்.

மேடையில் உட்கார்கிறேன். டயரைக் கழற்றக் கைகொடுத்த உள்ளூர்க்காரர் ஒருவர், என் வயதுதான் இருக்கும், செருப்பைக் கையில் பிடித்தபடி வெயிலில் நிற்கிறார்.

"வாங்க, நிழல்ல உக்காருங்க."

"இருக்கட்டும் சாமி. எங்க தெருக்காரங்க அதுல உக்கார்றதில்ல."

"எப்பவுமேவா?"

"எப்பவும்தான். முந்தி நாலஞ்சு நாளு இதுலயே உக்காந்து அம்புட்டையும் நோட்டுல எழுதுனீகளே, அப்பவும் நான் இங்கனதான் நின்னுக்கிட்டிருந்தேன்."

எழுந்து அவர் பக்கத்தில் போய் நிற்கிறேன்.

அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. ஆலம்பழம் கொத்த வந்த மைனாக்களைக்கூட எண்ணி எழுதியிருக்கிறேன். இவர் அதில் இல்லை.