தம்பிக்கு நான் சொன்ன நிறம்

எனக்கு இனிப்பின் மேல் ஆசை இருந்தது என்று எழுதினால் அது உண்மையைக் குறைத்துச் சொல்வதாகும். ஆசைப்பட்டவன் ஒரு துண்டு தின்று வாயைத் துடைத்துக்கொள்வான். நான் இலையோ தட்டோ காலியாகும் வரை நிறுத்தியதில்லை. திருச்செங்கோட்டில் ஒரு பள்ளியில் விஞ்ஞானம் கற்பித்துக்கொண்டிருந்த காலத்தில், மத்தியான மணி அடித்ததும் காபி கிளப்பின் உள்கட்டுக்குப் போய் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி உட்காருவேன். அரை வீசை அல்வா, அதன் மேல் நாலு ஜிலேபி. பிறகு வீட்டுக்குப் போய், மனைவிக்குச் சந்தேகம் வரக்கூடாது என்று முழுச் சாப்பாடும் சாப்பிடுவேன். பள்ளியின் சோதனைக் கூடத்தில் நச்சுப் பொருள் என்று சீட்டு ஒட்டிய ஒரு புட்டியில் சீனி வைத்திருந்தேன். அதை யாரும் தொடமாட்டார்கள். மூன்றாம் மணிக்கும் நான்காம் மணிக்கும் நடுவில் உள்ளங்கை நிறைய அள்ளி வாயில் போட்டு, கரையும் வரை கரும்பலகையைப் பார்த்தபடி நிற்பேன்.

எங்கள் அப்பா காலில் ஆறாத புண்ணோடு செத்தவர். அவர் சிறுநீர் போன இடத்தில் எறும்பு மொய்த்ததை நானும் தம்பியும் சிறு வயதில் பார்த்திருக்கிறோம். முப்பத்தெட்டாம் வயதில் எங்கள் வீட்டுக் கொல்லையிலும் எறும்பு மொய்த்தது. அது என்னுடையது. அது இன்ன நோய் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. மயில்துத்தமும் வேறு இரண்டு உப்புகளும் சேர்ந்த ஒரு நீல நீர் உண்டு. அதைக் கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ஊற்றி, எட்டுச் சொட்டுச் சிறுநீர் விட்டுக் கொதிக்க வைத்தால், சர்க்கரை இல்லாதவனுக்கு நீலம் நீலமாகவே இருக்கும். கொஞ்சம் இருந்தால் பச்சை, பிறகு மஞ்சள். அதிகம் இருந்தால் செங்கல் நிறம். பையன்கள் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு என்னுடையதைக் கொதிக்க வைத்தேன். செங்கல்லைப் பொடி செய்து கரைத்தது போல் ஆயிற்று. குழாயைக் கழுவி வைத்துவிட்டு, கைநிறையச் சீனி தின்றேன். யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டு வருஷம் கழித்துத் தம்பிக்கும் வந்தது. அவன் என்னைவிட மூன்று வயது சின்னவன். மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் எங்கள் காடு தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். டாக்டர் அவனைப் பார்த்து, ஊசி மருந்தெல்லாம் பட்டணத்தில்தான் கிடைக்கும், வாயைக் கட்டினால் பிழைப்பாய், இனிப்பைத் தொடாதே, நெல்லுச் சோற்றை விடு என்று சொல்லி அனுப்பினார். சோதனையை நானே செய்கிறேன் என்று முன்வந்தேன். அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. சந்தைக்கு வரும் நாளில் அவன் ஒரு சின்னப் புட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து கொடுப்பான். பள்ளிக்கூடத்துக்குள் இதைக் கொண்டுவருகிறோமே என்ற கூச்சத்தில் வாசலிலேயே நிற்பான். சந்தை முடித்துத் திரும்பும்போது என்ன நிறம் என்று கேட்டுக்கொண்டு போவான். குழாயை ஒரு நாளும் அவன் பார்த்ததில்லை.

முதல் வாரம் செங்கல் நிறம். மூன்றாம் வாரம் ஆரஞ்சுப்பழ நிறம். பிறகு மஞ்சள், பச்சை. தை பிறந்தபோது நீலம். கம்மங்களி, கொள்ளுப் பருப்பு, முருங்கைக்கீரை, மோர். அவ்வளவுதான் அவன் சாப்பாடு. தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கொடியில் போடுவது போல அவன் இனிப்பை விட்டுவிட்டான். தொந்தி கரைந்தது. நடையில் பத்து வயது குறைந்தது. யுத்த காலம் அது, சர்க்கரை அட்டைக்குத்தான் கிடைக்கும். தன் வீட்டுப் பங்கைக் கொண்டுவந்து என் மனைவியிடம் கொடுத்தான். எனக்கு எதுக்குங்க அண்ணி, அண்ணனுக்குக் காப்பிக்கு ஆகும் என்றான். அதில் முக்கால்வாசியை நான் ஒரே பகலில் தின்று தீர்த்தேன். அவன் போன பிறகு என் மனைவி, உங்க தம்பியாட்டம் வாயைக் கட்ட ஒருத்தரால் ஆகுமா என்று வியந்தாள். அன்று மட்டுமல்ல, வாரா வாரம் வியந்தாள்.

சின்ன வயதிலிருந்து எங்கள் வீட்டில் பாராட்டு என்பது எனக்கு உரியது. நான் படித்தவன். அவன் மாடு ஓட்டுகிறவன். அதை அவனும் ஒப்புக்கொண்டு, என் பெட்டியைத் தலையில் சுமந்து வண்டி வரைக்கும் வந்தவன். ரத்தத்தில் சர்க்கரை ஏன் ஏறுகிறது என்று எனக்குப் புத்தகத்தில் தெரியும். அவனுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அவன் குழாயில் நீலம், என் குழாயில் செங்கல். ஒவ்வொரு சந்தை நாளும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். அந்த நீலத்தைப் பார்க்கப் பார்க்க என் வயிறு எரிந்தது. அடுத்த வாரமாவது பச்சையாகட்டும் என்று வேண்டிக்கொண்டது உண்டு. கடவுள் நம்பிக்கை பெரிதாக இல்லாதவன் நான். இதற்கு மட்டும் வேண்டிக்கொண்டேன்.

மாசியில் அவன் காட்டில் கரும்பாலை ஓடியது. கிணற்றடியில் அரைக் காணி கரும்பு வைத்திருந்தான். என்னை வரச் சொல்லியிருந்தான், போனேன். மாடுகள் ஆலையைச் சுற்ற, சாறு கொப்பரையில் கொதித்து, அந்தக் காடு முழுக்கப் பாகின் வாசம். விடியலிலிருந்து தம்பி அந்தக் கொப்பரைக்குப் பக்கத்தில் நின்று துடுப்பால் கிளறிக்கொண்டிருந்தான். பாகு பதம் வந்துவிட்டதா என்று பார்க்கத் துளி எடுத்துத் தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டிப் பார்க்க வேண்டும். உருட்டியதை வாயில் போட்டுக்கொள்வது எல்லோருக்கும் வழக்கம். அவன் உருட்டிப் பார்த்துவிட்டு, சக்கை போட்டு அடுப்புத் தள்ளுகிறவரின் கையில் கொடுத்தான். பிறகு தொட்டித் தண்ணீரில் விரலைக் கழுவினான். நக்கக்கூட இல்லை.

நான் தேங்காய்ச் சில்லைச் சூடான பாகில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தேன். எத்தனையாவது சில் என்று எனக்கே தெரியாது. அடுப்புத் தள்ளுகிறவர் சிரித்தார்.

"வாத்தியாருக்கு இன்னும் ரெண்டு சில்லு கீறிப் போடுங்க. அவிய தின்னறதப் பாத்தாலே நமக்கு வவுறு ரொம்பிப் போவுதுங்க."

"அண்ணன் தின்னா நான் தின்ன மாதரதானுங்க" என்றான் தம்பி.

அவன் அதை அன்பாகத்தான் சொன்னான். எனக்கு அது கன்னத்தில் அறைந்தது போல் இருந்தது. அடுத்த சந்தை நாளில் அவன் புட்டியைக் கொதிக்க வைத்தேன். நீலம், கலங்காத நீலம். மத்தியானம் வாசலில் வந்து நின்று கேட்டான். கொஞ்சம் மஞ்சள் காட்டுகிறது என்று சொன்னேன்.

முன்கூட்டி நினைத்துச் சொன்னதல்ல. ஆனால் அவன் முகம் வாடியதைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ ஆறியது. அதற்காக அடுத்த வாரமும் சொன்னேன். அதற்கடுத்த வாரமும். பங்குனி, சித்திரை, வைகாசி, ஆனி. மஞ்சள் என்றேன், ஆரஞ்சு என்றேன், கடைசியில் செங்கல் என்றேன். குழாய் ஒவ்வொரு முறையும் நீலமாகவே இருந்தது. அவன் களியைப் பாதியாக்கினான். பிறகு களியையே விட்டான். கொள்ளுத் தண்ணீரும் கீரையுமாக இருந்துகொண்டு, கிணற்றில் மாடு பூட்டிக் கவலை இறைத்தான். தண்ணீர் இறைக்கிற மாட்டுக்குப் பின்னால் நடக்கும்போது கண் இருட்டி விழுந்துவிட்டதாக ஒரு நாள் சொன்னான். இன்னும் எதை விடட்டும் என்று என்னைக் கேட்டான். படித்தவனைக் கேட்கிற மாதிரி கேட்டான். மோரை விட்டுப் பார் என்று சொன்னேன்.

ஆடி முதல் நாள் எங்கள் பக்கத்தில் தேங்காய் சுடுவார்கள். தேங்காயின் கண்ணைத் துளைத்து, வெல்லமும் எள்ளும் பாசிப்பருப்பும் அவலும் உள்ளே நிறைத்து, குச்சியைச் செருகி, தீயில் வாட்டிப் பிள்ளையாருக்கு உடைப்பார்கள். அந்த வருஷம் தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். உடைத்த தேங்காயில் ஒரு மூடியைக் கையில் எடுத்துக்கொண்டு தம்பி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். தின்ன ஆரம்பித்தான். அவன் மனைவி திகைத்துப் பார்த்தாள்.

"எப்புடி இருந்தாலும் செவந்துதானுங்ணா போவுது" என்றான். "பட்டினி கெடந்து சாவறதுக்கு, தின்னு போட்டே சாவலாமுங்க."

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருந்தால் போதும். திறக்கவில்லை. நானும் ஒரு மூடியை எடுத்துக்கொண்டேன். இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து, சிறு பிள்ளைகளாக இருந்தபோது போல, வெல்லம் கையெல்லாம் வழியத் தின்றோம். அன்று அவன் மேல் எனக்குப் பொறாமை இல்லை. அன்று நான் சந்தோஷமாக இருந்தேன். இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் இதை மறைத்துவிட்டு மற்றதை எழுதுவதில் பயனில்லை.

அதன் பிறகு அவன் புட்டி கொண்டுவருவதை நிறுத்திவிட்டான். ஐப்பசியில் ஒரு நாள் அவன் வீட்டுக்குப் போனபோது, அவன் மனைவி கதவுக்குப் பின்னால் நின்று பேசினாள். நேராக என்னிடம் அவள் பேசுகிற வழக்கமில்லை.

"மாமா, கால்ல மம்பட்டி பட்ட காயமுங்க. ஒரு மாசமாச்சு, ஆற மாட்டேங்குது. நாளும் வெல்லமும் நெல்லுச் சோறுமாத் திங்கறாரு. நீங்க சொன்னாத்தான் கேப்பாரு. நாங்க சொன்னா, அண்ணன் பாத்துச் சொன்னதுதான், இதுக்கு மேல என்ன இருக்குதுங்கறாரு."

தம்பி மாட்டுக் கொட்டகையில் கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்தான். வலது கால் சின்ன விரல் கறுத்திருந்தது. அப்பாவின் காலில் வந்த அதே நாற்றம். நான் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். எனக்கும் இந்த நோய் இருக்கிறது என்பதிலிருந்து தொடங்கினேன். என்னால் ஒரு நாள்கூட வாயைக் கட்ட முடியவில்லை என்றேன். நீ கட்டியதைப் பார்க்கப் பொறுக்கவில்லை என்றேன். நீலத்தை நீலமென்று சொல்லவில்லை என்றேன்.

அவன் கூரையைப் பார்த்தபடியே கேட்டான்.

"எப்ப இருந்துங்ணா?"

"மாசியிலிருந்து."

"நான் களிய உட்டனே, அப்ப?"

"அப்பவும் நீலந்தான்டா."

"கவலையில மயங்கி உழுந்தனே?"

"அன்னிக்கும்."

அவன் அழவில்லை, திட்டவும் இல்லை. நான் இரண்டுக்கும் தயாராக இருந்தேன். எழுந்து உட்கார்ந்து, புண்ணைச் சுற்றியிருந்த துணியைச் சரி செய்தான்.

"அந்த நீலத் தண்ணி கலக்கறத எனக்குச் சொல்லிக் குடுங்க. கண்ணாடிக் கொழாய் ரெண்டு வேணுமுங்க."

மறுநாள் எல்லாவற்றையும் கொண்டுபோனேன். எந்த உப்பு எவ்வளவு, எத்தனை சொட்டு, எவ்வளவு நேரம் கொதிக்க வேண்டும் என்று செய்து காட்டினேன். படிக்காதவன், ஒரே தடவையில் பிடித்துக்கொண்டான். குழாயை இடுக்கியில் பிடித்து அவன் வீட்டு அடுப்பிலேயே கொதிக்க வைத்தான். செங்கல் நிறம். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தான். முதல் முறையாக அவன் தன் நிறத்தைத் தானே பார்க்கிறான். அன்று சாயங்காலம் சேலத்துக்குப் போய் ஆஸ்பத்திரியில் சேர்ந்தான். இரண்டு விரலை எடுத்தார்கள், கால் தப்பியது. திரும்பி வந்ததும் மறுபடி கம்மங்களிக்கும் கொள்ளுக்கும் போய்விட்டான். நானும் அந்த வாரம் காபி கிளப் பக்கம் போகவில்லை. அடுத்த வாரம் போனேன். விடுவதும் விழுவதுமாக எனக்குப் பல வருஷங்கள் ஆயின, முழுக்க விட்டேன் என்று இன்றும் சொல்ல முடியாது.

அவன் என்னோடு பேச்சை நிறுத்தவில்லை. தீபாவளிக்கு வருவான், என் பெண்களுக்கு மாப்பிள்ளை பார்க்க வந்தான், என் மனைவி செத்தபோது என் பக்கத்தில் மூன்று நாள் இருந்தான். மரியாதையில் ஒரு எழுத்துக் குறையவில்லை. அவன் காலை ஊன்றி நடப்பதைப் பார்க்கும்போதெல்லாம், என்ன நிறம்டா இப்போது என்று கேட்பேன். கேட்காமல் இருக்க முடியாது.

"நல்லா இருக்குதுங்ணா" என்பான்.

அதற்கு மேல் ஒரு வார்த்தையும் சொல்லமாட்டான். அவன் சாகும் வரை, அது நீலமா சிவப்பா என்று எனக்குத் தெரியாது.