இடது தோள்

கொரோனா அடங்கி ஜனங்கள் முகமூடியைக் கழற்றிய சமயம். என் மகள் புது வீட்டில் பால் காய்ச்சியதும் அப்போதுதான். பால் பொங்கவேயில்லை, அது கிடக்கட்டும். நீலசந்திராவில் முதியோர் இல்லம் நடத்திய வெள்ளைக்கார சிஸ்டர் ஒருவர் என்னிடம் வண்டி ஓட்டப் பழக வந்தார். என் வயதுதான் இருக்கும். இல்லத்து டிரைவர் நின்றுவிட்டார். கிழவிகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேறு ஆளில்லை.

அவர் ஊரில் வண்டிகள் வலப்பக்கம் ஓடுமாம். இங்கே ஒவ்வொரு திருப்பத்திலும் எதிர் வண்டிக்கு நேராகப் போவார்.

“சிஸ்டர், லெஃப்டு! லெஃப்டு!”

“பொறுங்க மாஸ்டர்.” சிலுவை போட்டார். நெற்றி, நெஞ்சு, இடது தோள். கையை அங்கேயே நிறுத்தி, அந்தப் பக்கம் ஒழுங்காகத் திரும்பினார். திரும்பி முடித்த பிறகுதான் வலது தோள்.

“சாமியையே இண்டிகேட்டர் ஆக்கிட்டீங்களே!”

“அவருக்குக் கோவம் வராது. பின்னாடி ஹாரன் அடிக்கிறவருக்குத்தான் வருது.”

டெஸ்ட் அன்று இன்ஸ்பெக்டர் முறைத்தார். “ஸ்டீயரிங்லேர்ந்து ஏன் கை எடுக்கிறீங்க?”

“வழி கேக்கிறேன் சார்.”

சிரித்துக்கொண்டே பாஸ் போட்டுவிட்டார்.

நான் விபூதி பூசுகிறவன். இருந்தும் இப்போது திருப்பம் வந்தால் என் கையும் தோளுக்குப் போகிறது, ஏனென்று தெரியவில்லை. அல்சூர் சிக்னலில் கிழவிகளை ஏற்றிய வேன் ஒன்று தயங்கி நின்றால் ஹாரன் அடிக்காதீர்கள். தெரிந்தவர்களுக்கும் சொல்லுங்கள்: சிஸ்டர் இன்னும் தோளுக்கு வரவில்லை.